செப்டிக் டேங்க் பொங்குகிறதா? பழுது பார்ப்பது, பெரிதாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரிலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கமும் வீட்டு மராமத்து வேலை எடுத்துச் செய்கிறேன். மாடிக் கசிவுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், சுவர் விரிசலுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். காபி வந்ததும் பேச்சு செப்டிக் டேங்குக்குத் திரும்பிவிடும். கேட்பவர்தான் வேறு, கேள்வி அதேதான். அவற்றைக் கேட்டபடியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். பாதாள சாக்கடை வராத இடத்தில் தனி வீடு வைத்திருப்பவர்களுக்கானது இது. அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையம் வேறு கதை.

டேங்க் நிறைஞ்சுடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். புழங்க ஆரம்பித்த சில நாளிலேயே தண்ணீர் வெளியேறும் குழாய் மட்டம் வரை ஏறிவிடும். அப்புறம் இந்தப் பக்கம் ஒரு பக்கெட் தண்ணீர் போனால் அந்தப் பக்கம் ஒரு பக்கெட் வெளியே போகும். மூடியைத் திறந்து பார்த்து “ஃபுல்லா இருக்கு சார்” என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். டேங்க் ஒழுகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

பார்க்க வேண்டியது வேறு. தண்ணீர் மட்டம் வெளியேறும் குழாயையே மூழ்கடித்து மேலே நிற்கிறது என்றால், வெளியே போகிற வழி அடைத்திருக்கிறது. மட்டம் சரியாக இருந்து, அடியில் கசடும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து தண்ணீர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது என்றால், எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதலாவதற்குக் கசடு உறிஞ்சும் லாரி மருந்தல்ல. இரண்டாவதற்கு லாரிதான் மருந்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் மக்கள் பணம் கரைகிறது.

எங்க வீட்ல இருக்கறது நிஜமாவே செப்டிக் டேங்க்தானா?

நியாயமான சந்தேகம். நாலு சிமெண்ட் உறையை இறக்கி, அடியை மண்ணாகவே விட்டு, மேலே ஸ்லாப் போட்டதற்கும் நம் ஊரில் செப்டிக் டேங்க் என்றுதான் பெயர். வெளியேறும் குழாயே இல்லாத மூடிய தொட்டிக்கும் அதே பெயர். முறையான டேங்க் என்றால் அடியில் கான்கிரீட் தளம், தண்ணீர் கசியாத சுவர், உள்ளே இரண்டு அறை, கழிவு வரும் இடத்திலும் போகும் இடத்திலும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ‘டீ’ குழாய், காற்றுக் குழாய், அதற்கு அப்பால் தண்ணீரை மண்ணுக்குள் விடும் சோக் பிட் ஆகிய எல்லாமே இருக்க வேண்டும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி மூடிகளை எண்ணுவது. நீளவாக்கில் இரண்டு மூடி, சற்றுத் தள்ளி இன்னொரு வட்ட மூடி இருந்தால் டேங்கும் சோக் பிட்டும் இருக்கின்றன. ஒரே வட்ட மூடி மட்டும் என்றால் அநேகமாக உறைக் குழி. மூடியே தெரியவில்லை, மேலே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது என்பவர்களும் உண்டு. கழிவறைக் குழாய் வீட்டைவிட்டு வெளியே வரும் இடத்திலிருந்து அது போகும் திசையில் தட்டிக்கொண்டே போங்கள், வெற்றுச் சத்தம் காட்டிக்கொடுக்கும்.

லாரி வந்து எடுத்து ரெண்டு வாரம்கூட ஆகல, மறுபடியும் பொங்குது. லாரிக்காரர் ஏமாத்திட்டாரா?

பெரும்பாலும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வைத்துக்கொள்ளும் அளவு. வீட்டில் 5 பேர் என்றால் 675 லிட்டர். அத்தனையும் டேங்குக்குப் போகிறது, டேங்கோ 2,000 லிட்டர். சுத்தமாகக் காலி செய்தாலும் மூன்று நாளில் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். அவர் சோக் பிட்டையும் சேர்த்து உறிஞ்சியிருந்தால் இன்னும் சில நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

பழுது டேங்குக்கு வெளியே இருக்கிறது. வரிசையாகப் பாருங்கள். முதலில் வெளியேறும் இடத்து டீ குழாய். அது உடைந்து விழுந்திருந்தால் மிதக்கும் ஏடும் கசடும் நேராக சோக் பிட்டுக்குப் போய் அடைத்திருக்கும். அடுத்து டேங்குக்கும் சோக் பிட்டுக்கும் இடையிலுள்ள குழாய். வேர் புகுந்திருக்கும், அல்லது மண் அமுங்கிக் குழாய் தொய்ந்திருக்கும். கடைசியாக சோக் பிட். அதன் சுவர் மண்ணில் கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம் படிந்து துளைகளை மூடிவிடும். பத்துப் பதினைந்து வருடம் ஆன குழியில் இது சகஜம்.

சரி, அப்ப எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்?

முறையான டேங்க் என்றால் 2 முதல் 3 வருடத்துக்கு ஒரு முறை. பத்து வருடமாக எடுக்கவே இல்லை என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கசடு சோக் பிட்டில் இருக்கும், அல்லது அடியில்லாத குழி வழியாகப் பக்கத்து மண்ணில் இருக்கும்.

சந்தேகமிருந்தால் அளந்து பார்க்கலாம். நீளமான கம்பில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விட்டு, விலகி நின்றபடி அடி தட்டும்வரை இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து மெல்ல எடுங்கள். துண்டின் அடிப்பகுதியில் கெட்டியாக அப்பியிருக்கும் உயரம்தான் கசடு. தலையை உள்ளே நீட்ட வேண்டாம், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்.

எடுக்கும்போது பக்கத்தில் இருங்கள். அவசரத்தில் மேல்தண்ணீரை மட்டும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது உண்டு. தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கிவிட்டு அடிக் கசடை இழுக்கச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கசடு அடியில் தங்கினால் பரவாயில்லை, அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அடுத்த சுற்று வேலையைத் தொடங்கிவைக்கும். டேங்கைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைக்கத் தேவையில்லை.

டாய்லெட்ல தண்ணி ஊத்தினா மெதுவா இறங்குது. பைப் அடைப்பா, டேங்க் பிரச்சினையா?

கழிவறைக்கும் டேங்குக்கும் நடுவில் சின்ன சேம்பர் இருக்கும். அதைத் திறங்கள். காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம், பிளம்பர் போதும். விளிம்புவரை நின்றால் அடைப்பு டேங்க் பக்கம், முந்தைய பதில்களுக்குப் போங்கள். ஒரே ஒரு கழிவறை மட்டும் மக்கர் செய்தால் அந்தக் கோப்பையின் வளைவில்தான் ஏதோ மாட்டியிருக்கிறது.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அடைத்தால் குழாயின் வாட்டத்தை, அதாவது சரிவை, பாருங்கள். 110 மி.மீ. குழாய்க்கு 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் கொடுத்தால் நல்லது. வழியில் 90 டிகிரி பெண்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு சேம்பர் கட்டுங்கள்.

நாத்தம் தாங்கல, அக்கம்பக்கத்துல சண்டைக்கு வர்றாங்க.

முதல் சந்தேகம் காற்றுக் குழாய் மேல். டேங்க் வீட்டை ஒட்டி இருந்தால், அதாவது 15 மீட்டருக்குள் இருந்தால், அந்தக் குழாய் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் போக வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2470 விதி. நடைமுறையில் பக்கத்து வீட்டு ஜன்னல் உயரத்தில் நின்றிருக்கும். மாடி எடுக்கும்போது குழாயை உயர்த்த யாருக்கும் நினைவு வருவதில்லை. வாயில் கொசுவலை கட்டுங்கள், மூடி போட்டு அடைக்காதீர்கள்.

அடுத்தது புழங்காத குளியலறையின் தரை ட்ராப். அதில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றினால் வாயு நேராக வீட்டுக்குள் வரும். வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. ஸ்லாப் இடைவெளிகளைப் பிறகு உடைத்தெடுக்க முடிகிற மாதிரி மணல் அதிகமுள்ள மெலிந்த கலவையால் பூசுங்கள்.

பைப் போட்டு இழுத்தா அடிக் கசடு வராது, ஆள் இறங்கினாத்தான் சுத்தமாகும்னு சொல்றாங்களே?

யாரையும் இறக்கக் கூடாது. மராமத்துக்கும் கூடாது, விழுந்த மூடியை எடுக்கவும் கூடாது. கசடைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு குபுக்கென்று கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் குழிக்குள்ளேயே தங்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழ, ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் போன செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கிற பழக்கத்தையும் விடுங்கள். உள்ளே மீத்தேன் இருந்தால் பற்றிக்கொள்ளும். சுடர் அணையாமல் எரிந்தாலும் விஷவாயு இல்லை என்று ஆகாது.

பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் இதில் மாட்டுவார். உயிர்போனால் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. அடிக் கசடு இறுகிப்போயிருந்தால் தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பீய்ச்சிக் கலக்கி, இரண்டு நடையாக எடுக்கச் சொல்லுங்கள். வரும்.

இன்னொன்று. கழிவு ஒரு சொட்டுகூடப் போகாத புது டேங்கிலும் ஆள் இறந்திருக்கிறார்கள். மூடி வைத்த டேங்கில், கான்கிரீட் போடத் தாங்கலாக அடித்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்குவார்கள். ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருக்கும். புதுசுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பாக்டீரியா பவுடர், ஈஸ்ட், சாணி கரைச்சு ஊத்தினா லாரியே தேவைப்படாதுங்கறாங்க. ஆசிட் ஊத்தினா என்ன ஆகும்?

கழிவிலேயே தேவையான நுண்ணுயிர் தினமும் வருகிறது. வெளியிலிருந்து வாங்கிப் போட வேண்டியதில்லை. மக்காத மிச்சம் எப்படியும் அடியில் சேரும், அதை எந்தப் பவுடரும் மாயமாக்காது. சாணி என்பது டேங்குக்குள் நீங்களே கசடு கொண்டுபோய்ப் போடுவது.

கழிவறை கழுவும் அளவுக்குப் பினாயில், லோஷன் பாதகமில்லை. அடைப்பை எடுக்கிறேன் என்று பாட்டில் பாட்டிலாக ஆசிட் ஊற்றினால் நுண்ணுயிரும் சாகும், சிமெண்டும் அரிக்கும், விஷவாயுவும் கிளம்பும். நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்பான் தாள், பொரித்த எண்ணெய் ஆகிய நாலையும் உள்ளே விடாமலிருப்பது எந்தப் பவுடரைவிடவும் பலன் தரும்.

சோக் பிட் எவ்வளவு பெருசா போடணும்? கொத்தனார் நாலடி போதுங்கறார்.

மண்ணைக் கேட்காமல் சொல்ல முடியாது. சோதனை எளிது. குழி வரப்போகும் இடத்தில், அந்த ஆழத்துக்கு, ஒரு சாண் அகலத்தில் சின்னத் துளை போடுங்கள். பக்கங்களைச் சுரண்டிவிட்டு அடியில் 5 செ.மீ. சரளை போட்டு, அதற்கு மேல் ஓர் அடி தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் சரளைக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, அரை மணியில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடுங்கள். 204-ஐ அந்த நிமிடத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது, ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் உறிஞ்சக்கூடிய லிட்டர். 4 நிமிடம் என்றால் 102 லிட்டர், மணற்பாங்கு. 25 நிமிடம் என்றால் சுமார் 41 லிட்டர். 100 நிமிடம் என்றால் 20 லிட்டர்தான், களிமண்.

இப்போது கொத்தனார் சொன்ன குழியைப் பார்ப்போம். 4 அடி விட்டம், குழாய் மட்டத்துக்குக் கீழ் 6 அடி ஆழம். அதன் சுவர்ப் பரப்பு சுமார் 6.8 சதுர மீட்டர். அடிப்பரப்பு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்பதால் நான் அதைச் சேர்ப்பதில்லை. 25 நிமிட மண்ணில் இது ஒரு நாளைக்கு 280 லிட்டர் குடிக்கும். வீட்டிலிருந்து வருவதோ 675. மிச்சம் 400 லிட்டர் முற்றத்தில் பொங்காமல் எங்கே போகும்? அதே வீட்டில் கழிவறைத் தண்ணீர் மட்டும், 5 பேருக்குச் சுமார் 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே நாலடிக் குழி தாராளமாகத் தாங்கும்.

அதனால்தான் பொங்குகிற டேங்கைக் காட்டினால் நான் முதலில் குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீரைத் தனியாகப் பிரிக்கச் சொல்கிறேன். ஒரு நாள் பிளம்பர் வேலையில் பாதி வீடுகளின் தொல்லை தீர்ந்துவிடும்.

பிரிச்ச குளியல் தண்ணியை எங்க விடறது? வாழைக்கு விடலாமா?

தாராளமாக. வாழை, கல்வாழை, சேம்பு மூன்றும் சோப்புத் தண்ணீரைத் தாங்கும். ஆழமில்லாத பாத்தியில் ஜல்லியும் மணலும் போட்டு, தண்ணீர் ஜல்லிக்கு அடியில் பரவுகிற மாதிரி விடுங்கள். மேலே தேங்கினால் கொசு. சமையலறைத் தண்ணீர் என்றால் முன்னால் ஒரு சின்ன எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி வையுங்கள், மிதக்கும் கொழுப்பை அவ்வப்போது வழித்தெடுங்கள்.

டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் வேறு. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதில் நோய்க்கிருமியும் குடற்புழு முட்டையும் இருக்கும். அதைக் கீரைக்கும் காய்கறிக்கும் விடவே கூடாது.

அடைச்சுப்போன சோக் பிட்டை மறுபடி உயிர்ப்பிக்க முடியுமா?

முடியும், ஓய்வு கொடுத்தால். கறுப்புப் படலம் என்று சொன்னேனே, சில மாதம் தண்ணீர் வராமல் காற்றுப்பட்டுக் காய்ந்தால் அது சிதைந்து மண் மறுபடி உறிஞ்ச ஆரம்பிக்கும். ஓய்வு கொடுக்க இரண்டாவது குழி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சேம்பர் கட்டி, ஒரு வழியை அடைத்து மறு வழியைத் திறக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் ஆறு மாதம் இது, ஆறு மாதம் அது என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். நான் அதிகம் சிபாரிசு செய்வது இந்த ஏற்பாட்டைத்தான். டேங்கில் கை வைக்காமலே முடிகிற வேலை.

உள்ளே கசடு இறங்கிக் கெட்டிப்பட்ட குழி என்றால் முதலில் லாரி வைத்து எடுக்க வேண்டும். டீ குழாயைச் சரிசெய்யாமல் புதுக் குழி தோண்டினால் அதுவும் அதே கதிதான். டீயின் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஓர் அடியாவது இறங்கி நிற்க வேண்டும். வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டி, குழாயை வெளியே இழுத்து மாற்றலாம். ஆகிற செலவு டேங்கில் செய்யும் வேறெந்த வேலையையும்விடக் குறைவு. ஆனால் யாரும் பார்க்காத பொருளும் அதுதான்.

வெயில் காலத்துல நல்லா இருக்கு, ஐப்பசி கார்த்திகை வந்தா மட்டும் ரிவர்ஸ் அடிக்குது.

நிலத்தடி நீர் ஏறி சோக் பிட்டுக்குள்ளேயே நிற்கிறது. குடிக்க மண்ணில் இடமில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி தாழ்ந்த பகுதிகளில் எவ்வளவு ஆழக் குழி தோண்டினாலும் இதுதான். இன்னும் சொன்னால் ஆழம் கூடக்கூட மோசம். ஆறடிக்குள் நீர்மட்டம் வருகிற இடத்தில் ஆழத்தை மறந்துவிட்டு மேலே வர வேண்டும். மண்ணை மேடாகக் கொட்டி, அதற்குள் ஜல்லி நிரப்பிய ஆழமில்லாத வாய்க்காலில் துளைக்குழாய் பதித்துத் தண்ணீரைப் பரவவிடுவது ஒரு வழி. டேங்க் மட்டம் கீழே இருந்தால் சின்ன பம்ப் வேண்டியிருக்கும்.

மாடி மழைநீர்க் குழாய் டேங்கிலோ அதன் சேம்பரிலோ இணைந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். இணைந்திருந்தால் பாதிப் பிரச்சினை அதுதான். நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது பிளாஸ்டிக், ஃபைபர் டேங்கை முழுக்கக் காலி செய்யாதீர்கள். 2,000 லிட்டர் காலி டேங்கை நிலத்தடி நீர் கிட்டத்தட்ட 2 டன் விசையோடு மேலே தள்ளும், மண்ணைப் பிளந்துகொண்டு எழும்பிவிடும்.

போர் தண்ணியில வாடை வருது. டேங்குக்கும் போருக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்?

குடிநீர்க் கிணற்றிலிருந்து சோக் பிட் 18 மீட்டராவது, அதாவது 60 அடி, தள்ளியிருக்க வேண்டும். வீட்டிலிருந்து 6 மீட்டர். அரை கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்ளுங்கள், 30 அடிக்கு 40 அடி. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கே 50 அடிதான். உங்கள் மனைக்குள் கணக்குச் சரிவராது. சரிவந்தாலும் பக்கத்து வீட்டு போர் உங்கள் குழியின் தலைமாட்டில் இருக்கும்.

முடிகிற காரியங்கள் சில உண்டு. தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள், நைட்ரேட்டும் கிருமியும் பார்க்கச் சொல்லுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. போரின் கேசிங் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலிருந்து சிமெண்ட் கலவையால் அடையுங்கள். அடியில்லாத குழி என்றால் அதைக் கைவிட்டுக் கசியாத டேங்க் போடுங்கள். 2003-லிருந்து கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியை சோக் பிட்டுக்கு ஒட்டினாற்போல வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நல்ல தண்ணீரோடு கழிவுநீரையும் சேர்த்து நிலத்துக்குள் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

மாடி எடுத்து வாடகைக்கு விடப் போறோம். பழைய டேங்கை உடைக்காம பெருசாக்க முடியுமா?

உடைக்க வேண்டாம். பழையதற்கு அடுத்ததாகப் புது டேங்க் போட்டு இரண்டையும் தொடராக இணையுங்கள். கெட்டிக் கசடு பழையதில் தங்கும், புதியதில் மிச்சம் படியும். ஒவ்வொரு டேங்கிலும் வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அளவுக்கு ஐ.எஸ். 2470-ஐப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எடுப்பதாக இருந்தால் 10 பேருக்கு நீளம் 2 மீட்டர், அகலம் 90 செ.மீ., தண்ணீர் ஆழம் 1.4 மீட்டர். 20 பேருக்கு 2.3 மீட்டர், 1.1 மீட்டர், 1.8 மீட்டர். இதற்கு மேல் 30 செ.மீ. வெற்றிடம்.

இடமிருந்தால் மூன்றாவதாக ஒரு ஜல்லி வடிகட்டி அறை கட்டுங்கள். தண்ணீர் அடியிலிருந்து புகுந்து ஜல்லிக்கு இடையே மேலேறிப் போகும். கல்லில் ஒட்டி வளரும் நுண்ணுயிர் மிச்ச அழுக்கைத் தின்னும். சோக் பிட்டின் ஆயுள் நன்றாகக் கூடும். ஆனால் டேங்கில் கசடை நேரத்தில் எடுக்காத வீட்டில் இதைக் கட்டாதீர்கள், ஜல்லி அடைத்து இன்னொரு தலைவலி சேரும். டேங்கைப் பெரிதாக்கிவிட்டு சோக் பிட்டை அப்படியே விட்டால் பொங்குவது நிற்காது. மேலே போட்ட கணக்கைப் புது ஆள் எண்ணிக்கைக்கு மறுபடி போடுங்கள்.

சுவர்ல விரிசல், ஒழுகுது. உள்பக்கம் பூசிட்டா போதாதா?

ஒழுகுகிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மட்டத்தைக் குறித்துவைத்து, ஒரு நாள் அந்த டேங்குக்குத் தண்ணீர் விடாமலிருந்து பாருங்கள். இறங்கியிருந்தால் ஒழுகல்தான். உள்பூச்சுக்கு ஆள் இறங்க வேண்டும், அதைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பழைய செங்கல் டேங்க் ஒழுகினால் அதைக் காலி செய்து மூடிவிட்டுப் புதிது போடச் சொல்வேன். ஸ்லாப் மட்டும் விரிசல் என்றால் தள்ளிப்போடாதீர்கள். உள்ளிருக்கும் வாயு கம்பியை அரித்துக்கொண்டே இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் மேல் கார் நிறுத்துவதாக இருந்தால் ஸ்லாப்பை அதற்கென்று கணக்கிட்டுப் போட வேண்டும்.

ரெடிமேட் பயோ டேங்க் வாங்கிடலாமா? ஆயுசுக்கும் எடுக்கவே வேண்டாம்னு விளம்பரம் வருது.

டேங்க் நல்லதுதான். கசியாது, ஒரே நாளில் இறக்கிவிடலாம். ஆயுசுக்கும் எடுக்க வேண்டாம் என்பதை மட்டும் நம்பாதீர்கள், காரணம் பவுடர் கேள்வியிலேயே இருக்கிறது. வெளியேறும் தண்ணீருக்கு அங்கேயும் சோக் பிட்டோ பாத்தியோ வேண்டும். அதைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போகிறார்கள். இறக்கும்போது அடியில் கான்கிரீட் படுகை போட்டு, வெளியே மணலும் உள்ளே தண்ணீரும் சமமாக ஏறுகிற மாதிரி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் டேங்க் நசுங்கும்.

கொத்தனார், டேங்க் அடியை மண்ணாவே விட்டுடலாம், செலவும் மிச்சம், தண்ணியும் தானா இறங்கிடும்ங்கறார். இல்லைன்னா தெருக் கால்வாய்ல பைப்பை விட்டுடுங்கங்கறார்.

முதல் யோசனை உங்கள் போர் தண்ணீருக்குக் கேடு, இரண்டாவது தெருவுக்குக் கேடு. அடியில்லாத டேங்க் சில வருடம் ஜோராக இறங்கும். பிறகு கறுப்புப் படலம் அடியையே மூடி, டேங்கும் போய் சோக் பிட்டும் இல்லாமல் நிற்பீர்கள். இரட்டைக் குழிக் கழிப்பறையில் அடியை மண்ணாக விடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே போவது கழிவறைத் தண்ணீர் மட்டும். ஒரு குழி நிறைந்ததும் மறு குழிக்கு மாற்றி, பழையதை மக்கவிடுகிறார்கள். நீர்மட்டம் ஆழமாக உள்ள கிராமத்துக்கு நல்ல ஏற்பாடு அது. குளியல் தண்ணீரையும் சேர்த்து விடும் நகரத்து வீட்டுக்குப் பொருந்தாது.

தெருக் கால்வாய் மழைநீருக்கானது. டேங்க் ஓரளவுக்குத்தான் அழுக்கைக் குறைக்கிறது, பாதிக்கு மேல் தண்ணீரோடு வெளியே போகிறது. உள்ளாட்சி அலுவலர் கண்டுபிடித்தால் குழாயை அடைத்து அபராதமும் போடுவார்.

லாரிக்காரர் எடுத்த கழிவை எங்க கொண்டுபோய் ஊத்தறார்? அது நம்ம பொறுப்பா?

கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் கசடு அள்ளும் வண்டிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதன்பின் வேறு பல ஊர்களிலும் கட்டப்பட்டிருக்கின்றன. 14420 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் முறையான வண்டிக்கு ஏற்பாடு செய்வார்கள். வழக்கத்தைவிட மலிவாக, இருட்டியபிறகுதான் வருவேன் என்கிறவர் ஏரிக்கரையில் ஊற்றப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்க தெருவுக்குப் பாதாள சாக்கடை வந்துடுச்சு. பழைய டேங்க் வழியாவே இணைப்பு கொடுத்துடலாமா?

வேண்டாம். கழிவறைக் குழாயை டேங்கைத் தவிர்த்து நேராகத் தெரு இணைப்புச் சேம்பருக்குக் கொண்டுபோக வேண்டும். டேங்க் நடுவில் இருந்தால் கசடு எடுக்கும் வேலையும் வாயுத் தொல்லையும் உங்களோடேயே இருக்கும். குடிநீர் சம்ப்பாக மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். எவ்வளவு கழுவினாலும் கூடாது.

இணைப்பு மாறியதும் கடைசியாக ஒரு முறை லாரி வைத்து முழுக்க எடுங்கள். காற்றுக் குழாயைக் கழற்றி, ஸ்லாப்பை மேலிருந்தே உடைத்து, மணலும் செங்கல் ஜல்லியும் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்தி நிரப்புங்கள். வெறும் மூடியோடு காலியாக விட்ட டேங்க் சில வருடத்தில் ஆளை விழுங்கும் பள்ளமாகும். சோக் பிட்டையும் அதேபோல. டைல்ஸ் போடுவதை மட்டும் ஒரு மழைக்காலம் தள்ளிவையுங்கள், நிரப்பிய மண் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் அமுங்கும்.